உறியெண்டு சொல்லன்

போன வருசம் மார்கழி மழைக்குள் என் வலது கணுக்கால் முறிந்தது. காரணம் ஒரு முடிச்சு. அதைப் போட்டவனும் நான்தான்.

கன்று மேயும் வட்டம் சிறிதாக இருக்கிறது என்று, கட்டியிருந்த நைலோன் கயிற்றோடு இன்னொரு துண்டைப் பொருத்தி நீளமாக்கினேன். இரண்டு நுனியையும் பிடித்து ஒரு கட்டு, அதன்மேல் இன்னொரு கட்டு, இறுக்கி ஓர் இழுவை. எல்லோரும் போடுகிற முடிச்சுத்தான். அடுத்த நாள் பின்னேரம் விசுவமடுச் சந்தியில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பினால், அரைக் கயிற்றை இழுத்தபடி கன்று நடு ஒழுங்கையில் நின்று என்னைப் பார்க்கிறது. மழை ஊறிய செம்மண்ணில் சடுதியாகப் பிரேக் பிடித்தால் என்ன நடக்கும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

கன்றுக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு ஆறு கிழமை பிளாஸ்ரர்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். பள்ளிக்கூட விடுமுறை, வயல் பக்கம் போகவும் வழியில்லை. கதிரையில் இருந்து, காலை ஒரு ஸ்ரூலில் தூக்கி வைத்துக்கொண்டு, முற்றத்தில் மழை விழுவதைப் பார்ப்பதுதான் வேலை. மூன்றாம் நாளே வீட்டில் எல்லோருக்கும் நான் தொல்லையாகிவிட்டேன். "அப்பா, இந்தாங்கோ, இதையாவது செய்யுங்கோ" என்று மகள் ஒரு பையை மடியில் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே ஒரு கட்டு வெள்ளைப் பருத்திக் கயிறு, விரல் மொத்தத்தில் ஒரு தடி, அந்தத் தடியில் பாதியில் நின்றுபோன ஏதோ ஒன்று. போனில் பார்த்து ஆசைப்பட்டு, கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்து, இரண்டே நாளில் கைவிட்ட மக்ரமே.

தெரியாதவர்களுக்கு: ஊசி, தறி எதுவும் இல்லாமல் கயிற்றை முடிச்சுப் போட்டே அலங்காரம் செய்வதுதான் மக்ரமே. சுவரில் தொங்கவிடுவது, பூச்சாடி தூக்குவது, கைப்பை, இடுப்புப்பட்டி என்று எல்லாம் செய்யலாம். கிளிநொச்சியில் புதிதாகத் திறக்கிற தேநீர்க் கடைகளில்கூட இப்போது ஒன்று தொங்குகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தூசு பிடித்தால் தட்டுவது யார் என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

முதல் முடிச்சு, கயிற்றைத் தடியில் மாட்டுவது. கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைத் தடிக்குப் பின்னால் விட்டு, அந்த வளையத்துக்குள்ளால் இரண்டு நுனியையும் எடுத்து இழுத்தால் சரி. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று 'வானம்பாடித் தலை', மற்றது 'மாட்டுக் கட்டு'. சுவரில் அலங்காரமாகத் தொங்கும்போது அது பறவையின் தலை, கட்டையில் மாடு நிற்கும்போது அதுவே மாட்டுக் கட்டு. இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வானம்பாடியை நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. மாடு கட்டத் தெரியும் என்று நினைத்திருந்தேன், கணுக்கால் முறியும் வரைக்கும்.

அடுத்தது சதுர முடிச்சு. மக்ரமேயில் முக்கால்வாசி இதுதான். நாலு இழை வேண்டும். நடு இரண்டும் சும்மா நிற்கும், வேலை செய்வது வெளி இரண்டும். இடது இழையை நடு இரண்டுக்கும் மேலால் வலப்பக்கம் கொண்டுபோய், வலது இழைக்கு அடியில் விட வேண்டும். வலது இழையை நடு இரண்டுக்கும் பின்னால் இடப்பக்கம் கொண்டுவந்து, இடது இழை போட்டிருக்கும் வளையத்துக்குள்ளால் முன்னுக்கு எடுத்து இழுக்க வேண்டும். இது பாதி. இதையே வலப்பக்கத்தில் இருந்து தொடங்கிச் செய்தால் மற்றப் பாதி.

வாசிக்கத் தலை சுற்றுகிறதா? எனக்குச் செய்யும்போதே சுற்றியது. கூடவே பின்னலும் சுற்றியது. தட்டையாக, நாடாபோல இறங்க வேண்டியது, பத்து முடிச்சுத் தாண்டியதும் மெல்ல முறுகத் தொடங்கி, முருங்கைக்காயைப் பிழிந்ததுபோல வந்தது. அவிழ்த்துப் போட்டேன். மறுபடியும் முறுகியது. கயிறு சரியில்லை என்றேன். தடி வளைவு என்றேன். காலை நீட்டிக்கொண்டு இருப்பதால் கை கோணுகிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். நாலு நாள் போனது.

கடைசியில் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே செய்தேன்: தெரியாத கணியத்துக்கு ஓர் அடையாளம் போடு. முல்லைத்தீவில் கடற்தொழில் செய்கிற மச்சான் எப்போதோ விட்டுப்போன நீல வலைநூல் ஒரு சுருள் கிடந்தது. வெளி இழை இரண்டில் ஒன்றை நீலமாக்கினேன். பத்து நிமிடத்தில் கள்ளன் பிடிபட்டான்.

சதுர முடிச்சில் முதலில் எந்த இழை முன்னால் போகிறதோ, கடைசிவரை அதே இழைதான் முன்னால் போக வேண்டும். ஒருமுறை இடமிருந்து வலம் போகும், அடுத்தமுறை வலமிருந்து இடம் திரும்பும், ஆனால் நீலம் என்றால் நீலம்தான். நான் என்ன செய்திருந்தேன் என்றால், எப்போதும் இடப்பக்கத்தில் கிடக்கும் இழையை எடுத்து முன்னால் போட்டிருந்தேன். அங்கே கிடப்பது எந்த இழை என்று பார்க்கவே இல்லை. அதனால் நீலம் ஒருமுறை, வெள்ளை ஒருமுறை. ஒரே பாதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் முறுக்கெல்லாம் ஒரே பக்கத்துக்குச் சேர்ந்துகொண்டு போகும். அதைத் திருப்பி விடுவதற்காகத்தான் மற்றப் பாதி இருக்கிறது.

இந்தப் பிழைக்கும் மக்ரமேக்காரர் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது: சுருள் பின்னல். வேண்டுமென்றே செய்தால் அது ஒரு வடிவம், பூச்சாடிக் கால்களுக்கு மிகவும் எடுப்பு. நான் நாலு நாள் அவிழ்த்து அவிழ்த்துப் போட்டதை, பெட்டையள் யூரியூப்பில் 'ஆரம்பநிலைப் பாடம்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முடிந்த சதுர முடிச்சின் ஒரு பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு சின்னப் புடைப்பு நிற்கும், நெல்மணி அளவில். தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டு வந்தால் எந்தப் பக்கம் தொடங்குவது என்பது கட்டாயம் மறந்துபோகும். அந்த நெல்மணி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து இழையை எடுத்து முன்னால் போட வேண்டும். மணிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக இறங்கினால் பின்னல் சரி. வரிசை மாறினால், மாறிய இடம்வரை அவிழ்க்க வேண்டியதுதான்.

நடுவில் நிற்கும் இரண்டு இழையையும் உருவிவிட்டுப் பார்த்தால், சதுர முடிச்சு என்பது இரண்டு நுனியைச் சேர்க்க நாம் வழமையாகப் போடும் முடிச்சுத்தான். இரண்டு கட்டும் எதிரெதிர்ப் பக்கமாகப் போனால் முடிச்சுத் தட்டையாகப் படிந்து இருக்கும். இரண்டும் ஒரே பக்கமாகப் போனால் நுனிகள் குறுக்கே விறைத்துக்கொண்டு நிற்கும், இழுபட இழுபட வழுக்கும். நைலோனில் கேட்கவே வேண்டாம். கன்றுக்கு நான் போட்டது இந்த இரண்டாவது. கதிரையில் இருந்தபடியே என் கணுக்கால் முறிந்த காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளோ? கன்று அண்டைக்கே சொல்லிச்சுது" என்றாள்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு முதல் பூச்சாடித் தூக்கியை முடித்தேன். ஒரு வளையத்தில் எட்டுக் கயிற்றை மடித்து மாட்டினால் பதினாறு இழை. நாலு நாலாகப் பிரித்தால் நாலு கால். ஒவ்வொரு காலிலும் ஒரு சாண் நீளத்துக்குச் சுருள் பின்னல், பிறகு கொஞ்சம் வெறும் இடைவெளி. அதன்பின் ஒரு காலில் இரண்டு இழையும் பக்கத்துக் காலில் இரண்டு இழையும் எடுத்து ஒரு சதுர முடிச்சு. இப்படிச் சுற்றிவர நாலு முடிச்சுப் போட்டால் கூடை மாதிரி வந்துவிடும். கடைசியில் எல்லா இழையையும் அடியில் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி இறுக்கி, மிச்சத்தைக் குஞ்சமாகத் தொங்கவிடுவது. விறாந்தை வளையில் மாட்டி, மணி பிளான்ற் வைத்த பழைய சட்டி ஒன்றை அதற்குள் இறக்கினேன். கொஞ்சம் சரிந்துதான் நின்றது. ஆனாலும் நின்றது.

அம்மா கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வந்தவர், நின்று பார்த்தார்.

"உது என்ன தம்பி?"

"பூச்சாடி தொங்கப்போடுறது அம்மா. மக்ரமே எண்டு சொல்லுறது."

அடியில் கையைக் கொடுத்துச் சட்டியைத் தூக்கி, பாரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நாலு காலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"உறியெண்டு சொல்லன்" என்றுவிட்டு உள்ளே போனார்.

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்ததுபோல இருந்தது. உறியேதான். வட்டமான அடி, மேலே ஒரு வளையத்தில் சேரும் கால்கள், வளையில் தொங்கும் சட்டி. ஐயா இருந்த காலத்தில் எங்கள் குசினியில் இரண்டு உறி தொங்கியது எனக்கு நல்ல ஞாபகம். ஒன்றில் தயிர், மற்றதில் கருவாட்டுச் சட்டி. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாது. சின்னவனாக இருந்தபோது எனக்கும் எட்டாது. வீட்டில் உறியே இல்லாமல் போய்ப் பதினைந்து வருசத்துக்கு மேல். குளிர்ப்பெட்டி வந்த வீட்டில் உறிக்கு என்ன வேலை? அதனால் அந்தச் சொல்லும் என் வாயிலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் 'பார்த்தீர்களா, எல்லாம் எங்களிடம் இருந்ததுதான், வெள்ளைக்காரன் கொண்டுபோய்ப் பேர் மாற்றி விற்கிறான்' என்று எழுதினால் முகநூலில் நிறையப் பேர் விருப்பம் போடுவார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. உறி பழையது, உண்மைதான். சங்கப் பாடல் ஒன்றிலேயே முக்கோல் அந்தணர் தங்கள் கரகத்தை உறியில் தொங்கவிட்டுக்கொண்டு பாலை வழியில் நடக்கிறார்கள். ஆனால் மக்ரமே வேறு வழியால் வந்தது. அரபு நெசவாளர் துணியின் ஓரத்தில் மிஞ்சும் நூல்களை முடிந்து தொங்கலாக்கிய வேலையிலிருந்து அது தொடங்கியது என்கிறார்கள். பெயரும் அரபுச் சொல்லொன்றிலிருந்து துருக்கி வழியாக இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போய்ச் சேர்ந்ததாம். பாய்க்கப்பல் மாலுமிகள் நீண்ட பயணத்தில் பொழுது போகாமல் மணிக்கயிறும் இடுப்புப்பட்டியும் இப்படித்தான் பின்னினார்கள். 1970களில் மேற்கு நாட்டு வீடுகள் எல்லாவற்றிலும் தொங்கி, பிறகு மறைந்து, இப்போது போன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஐயாவின் உறியையும் என் உறியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதையும் அம்மாதான் காட்டித் தந்தார். அன்று இரவு சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருக்கும்போது கேட்டார்: "உதை எப்பிடி அவிழ்க்கிறது?"

"அவிழ்க்கிறதில்லை அம்மா. அப்பிடியே இருக்கும்."

"அப்ப கயிறு வேணுமெண்டால்?"

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயாவின் உறியில் மொத்தமாக ஐந்தோ ஆறோ முடிச்சு. கயிறு தேவைப்பட்டால் பத்து நிமிடத்தில் அது உறியாக இராது, வெறும் தும்புக் கயிறாகிவிடும். அடுத்த நாள் அதே கயிறு வேலி வரிச்சில் நிற்கும். எங்கள் வீட்டில் கயிறு என்பது எப்போதும் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கும் பொருள். என்னுடையதில் நூற்றைம்பது முடிச்சுக்குக் குறையாமல் இருக்கும், ஒன்றைக்கூட அவிழ்க்கும் எண்ணத்தோடு போடவில்லை.

2009 தை மாதம் நாங்கள் இந்த வளவை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா கடைசியாக எடுத்தது கிணற்றுக் கயிற்றை. உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடத்திலும் தறப்பாளைக் கட்டியது அந்தக் கயிறுதான். அவிழ்த்து உழவு இயந்திரப் பெட்டியில் சாமானைக் கட்டியதும் அதுதான். அம்மா போடும் முடிச்செல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நுனியை முழுவதும் எடுக்காமல், மடித்த வளையமாகவே உள்ளே விட்டு இறுக்குவார். வாலைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தால் முழுக்க அவிழ்ந்துவிடும். இருட்டில், ஒற்றைக் கையால் அவிழ வேண்டும் என்பார். மற்றக் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். நான் ஒருநாள் அவசரத்தில் போட்ட முடிச்சு மழையில் ஊறி இறுகி, அவிழ்க்க முடியாமல் கத்தியால் வெட்ட வேண்டி வந்தது. ஒரு முழம் கயிறு போய்விட்டது. அந்த நாட்களில் நடந்த எத்தனையோ விசயங்களுக்கு மத்தியில் அம்மா என்னைத் திட்டியது அந்த ஒரு முழத்துக்கு மட்டும்தான். செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எங்களிடம் கயிறு இருக்கவில்லை. எந்த இடத்தில் விட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

சரி, முடிச்சுக்கு வருவோம்.

மாசி மாதம் மச்சான் முல்லைத்தீவிலிருந்து மீனோடு வந்தார். அப்போது நான் சுவரில் தொங்கவிடும் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். சதுர முடிச்சுகளை ஒரு வரி போட்டு, அடுத்த வரியில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளிலிருந்து இரண்டிரண்டு இழையாக எடுத்து மாற்றி முடிந்துகொண்டு போனால் வலைபோல வரும். மச்சான் கொஞ்ச நேரம் பார்த்தார். "அத்தான், உதுக்குள்ளால சுறாவும் போகும், சூடையும் போகும்" என்றார். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வலை முடிகிறவர்கள் கண்ணின் அளவுக்கு ஒரு சின்னப் பலகைத் துண்டை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நூலை எடுத்துத்தான் ஒவ்வொரு கண்ணையும் முடிவார்கள். கண்ணால் அளக்க மாட்டார்கள். ஐம்பது வருச அனுபவம் உள்ளவரும் பலகை வைத்திருப்பாராம். மகளின் உடைந்த அடிமட்டத்திலிருந்து மூன்று சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை வெட்டி, வரிகளுக்கு இடையில் வைத்துப் போட்டேன். ஒரே பின்னேரத்தில் என் வேலை இரண்டு வருசம் பழகியவன் வேலைபோல ஆகிவிட்டது. மக்ரமே கற்றுத்தருகிற காணொளிகள் இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை என்று எனக்கு இன்னும் கோபம்.

கன்றின் கதையையும் மச்சானுக்குச் சொன்னேன். சதுரமாகப் போட்டிருந்தால் நின்றிருக்கும்தானே என்று கேட்டேன். தலையை ஆட்டினார். கயிறு பொருத்துவதற்கு அதுவும் சரிவராது, உலுப்பினால் விட்டுவிடும் என்றார். ஒரு கயிற்றின் நுனியை மடித்து வளையமாகப் பிடித்தார். மற்றக் கயிற்றைக் கீழிருந்து அந்த வளையத்துக்குள்ளால் மேலே எடுத்து, வளையத்தின் கழுத்தைப் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே நுழைத்து இழுத்தார். வலைக் கண்ணில் விழுவதும் இந்த முடிச்சுத்தானாம். தறியில் அறுந்த நூலை நெசவாளர் பொருத்துவதும் இதுதான் என்று நான் பிறகு வாசித்தேன். நைலோனுக்கு இன்னொரு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டும். கன்று இப்போது அந்த முடிச்சில்தான் நிற்கிறது.

பிறகு நாலுபுரிப் பின்னல், முடி முடிச்சு, ஜோசபின் என்று ஒவ்வொன்றாகப் போனேன். ஜோசபின் பார்க்க மிக அழகு, இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மேலும் கீழுமாகப் பாய்ந்து பாய்போலப் படிந்திருக்கும். ஆனால் ஒன்றைச் சமமாக இழுத்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும், அதை விட்டுவிட்டேன். நாலுபுரி எனக்குப் பிடித்தது. வலது ஓர இழையைப் பின்னால் இரண்டைத் தாண்டிக் கொண்டுபோய், முன்னால் ஒன்றின் மேலால் திருப்பி எடுப்பது. பிறகு இடது ஓரத்தில் அதேபோல. சடைபோலத் தட்டையாக வராமல் உருண்டையாக வரும். மாட்டுக்கு நாணயக்கயிறு பின்னுகிற கிழவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். அவர் கை போவதைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தட்டையான கயிறு மூக்கை அறுக்கும், உருண்டைதான் மாட்டுக்குச் சுகம் என்று அவர் சொன்னதன் பொருள் இப்போதுதான் என் விரலுக்கு விளங்கியது.

முடி முடிச்சில் நாலு இழையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிவர மடித்து, கடைசியை முதலாவதன் வளையத்துக்குள் விட்டு இறுக்குவது. எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றினால் உருண்டையாகத் திருகிக்கொண்டு வளரும், ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக மாற்றினால் சதுரத் தூணாக நிற்கும். மறுபடியும் அதே பாடம்தான், ஆனால் இந்த முறை நாலு நாள் தேவைப்படவில்லை.

எனக்கு வராதது இலை வடிவம். ஓர் இழையைச் சரிவாகப் பிடித்து, மற்ற இழைகள் ஒவ்வொன்றையும் அதன்மேல் இரண்டு தரம் சுற்றி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடித்திருக்கும் இழை விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்தால் முடிச்சு இடம் மாறி, சுற்றிய இழை நேராகி, பிடித்த இழை அதைச் சுற்றிக்கொண்டுவிடும். எனக்குப் பத்துக்கு ஆறு அப்படித்தான் ஆனது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவர், "இஞ்சை கொண்டா" என்று வாங்கினார். சுற்று, உள்ளே விடு, இழு. சுற்று, உள்ளே விடு, இழு. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் மாலை கட்டும் அதே கை. வாழைநாருக்குப் பதில் பருத்தி, பூக்காம்புக்குப் பதில் இன்னோர் இழை. ஒரு பின்னேரத்தில் ஐந்து இலை போட்டுவிட்டார், ஐந்தும் ஒரே அளவு. மகள் படம் எடுத்து எங்கோ போட்டாள். அப்பம்மாவுக்கு முந்நூறு விருப்பம் வந்தது என்றாள். அம்மா கேட்டார்: "விருப்பமெண்டால் என்ன, வாங்கப் போகினமோ?"

கயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. தும்புக் கயிறு முடிச்சை விடாமல் பிடிக்கும், ஆனால் விரலை உரித்துவிடும். நைலோன் வழுக்கும், நுனியை லைற்றரால் சுட்டு உருக்காவிட்டால் பிரிந்துபோகும். பருத்திதான் நல்லது. மூன்று மில்லிமீற்றர் மொத்தம் பழகுகிறவர் கைக்குப் போதும். இங்கே கடைகளில் கிடையாது, பார்சலில்தான் எடுக்க வேண்டும், விலையும் சும்மா இல்லை.

அந்த விலைக் கயிற்றில்தான் நான் கணக்குப் பிழைவிட்டேன். இரண்டாவது பூச்சாடித் தூக்கி, பெரியது, கால் முழுக்கச் சதுர முடிச்சு. எட்டுக் கயிறு, ஒவ்வொன்றும் நாலு மீற்றர், சரி நடுவில் மடித்து மாட்டினேன். முடிச்சுப் போடுகிற வெளி இழைக்குப் பின்னலின் நீளத்தைப்போல நாலு மடங்கு வேண்டும், நடுவில் சும்மா நிற்கும் இழைக்குப் பின்னலின் நீளமே போதும் என்பதை நான் வாசித்திருந்தேன். வாசித்தும், மடிப்பை ஒருபக்கம் தள்ளி வெளி இழைகளை நீளமாக விட வேண்டும் என்று தோன்றவில்லை. இருபது வருசம் விகிதமும் விகிதசமமும் படிப்பித்த வாய். கூடைக்கு முடிச்சுப் போட இன்னும் ஒரு சாண் இருக்கையில் வெளி இழைகள் எட்டும் தீர்ந்துபோயின. நடு இழைகள் ஒவ்வொன்றும் ஒன்றரை மீற்றருக்குக் கிட்டத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தன. பாதி வழியில் நடு இழையை வெளியிலும் வெளி இழையை நடுவிலும் மாற்றிப்போட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த நேரம் வந்த எரிச்சலில் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வையடா அதை" என்றார் அம்மா.

தூக்கியைக் கொண்டுபோய்த் தன் கட்டிலில் வைத்தார். சாக்கு ஊசியும் மேசை லாம்பும் கேட்டார். மூன்று இரவு. ஒவ்வொரு முடிச்சின் நெல்மணிக்கு அடியிலும் ஊசியின் மொட்டைப் பக்கத்தை விட்டு மெல்ல நெம்பி, இழையைத் தளர்த்தி, உருவி எடுத்தார். சேர்ந்து செய்வோம் என்று நானும் போய் இருந்தேன். என் விரல் மொத்தம், இழை பிரிந்துவிடும் என்று விடவில்லை. அவிழ்ந்த கயிறு சுருட்டை முடிபோல நெளிந்து கிடந்தது. அதைத் தண்ணீரில் நனைத்து, கொடியில் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டார். நெளிவு முக்கால்வாசி போய்விட்டது. எட்டையும் தனித்தனியாக முழங்கையில் சுற்றி, ஒவ்வொன்றின் வாலையும் மடித்த வளையமாக விட்டு முடிந்தார், இழுத்தால் அவிழ்கிற மாதிரி.

சித்திரையில் புதிய பார்சல் வந்தது. அந்தக் கயிறு குறைந்தபோது, பழையது எங்கே அம்மா என்று கேட்டேன். தன் தகரப் பெட்டியைத் திறந்தார். அடியில், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குப் பக்கத்தில், எட்டுச் சுருளும் வரிசையாக இருந்தன. பார்த்துவிட்டு மூடினார்.

"கிடக்கட்டும்" என்றார்.